பஸ்ஸின் பின்பக்கத்தில் என் முகம்

மகனே,

போன கிழமை நீ தொலைபேசியில் கதைத்தபோது, "அப்பா, யாழ்ப்பாணத்துக் கடைத் திறப்புக்கு நீங்கள்தான் ரிப்பன் வெட்டவேணும். அந்த விளம்பரப் படத்தில இருக்கிற மாதிரியே சாரம் கட்டிக்கொண்டு வாங்கோ" என்றாய். நான் "பாப்பம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். எங்கள் வீட்டில் "பாப்பம்" என்பதன் கருத்து உனக்குத் தெரியும். சின்ன வயதில் நீ சைக்கிள் கேட்டபோதும் நான் அதைத்தான் சொன்னேன், நீ பெரியவனாகும்வரை பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். ஆனால் இந்தமுறை மாட்டேன் என்று சொல்லவும் மனம் வரவில்லை, வருகிறேன் என்று சொல்லவும் மனம் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். தொலைபேசியில் நீளமாக ஒன்றும் சொல்ல ஏலாது. உன் அம்மா பக்கத்தில் நின்று "சாப்பிட்டவனோ எண்டு கேளுங்கோ, மெலிஞ்சு போனவனோ எண்டு கேளுங்கோ" என்று என் விலாவில் இடித்துக்கொண்டே இருப்பாள்.

இதை உனக்கு மட்டும் அனுப்பாமல் எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்தின் ஆண்டு மலருக்கும் கொடுக்கிறேன். கோபிக்காதே. என் முகத்தை நீ ஊர் உலகத்துக்கெல்லாம் காட்டிவிட்டாய், வாய் மட்டும் ஏன் ஒளித்திருக்க வேண்டும்? மலர்க் குழுத் தம்பி வந்து, "ஐயா, நடுவில கொஞ்சப் பக்கம் வெறுமையாக் கிடக்கு, என்னத்தையாவது எழுதித் தாங்கோ" என்று கேட்டார். வெறுமையை நிரப்புவது எனக்குப் பழக்கமான வேலை. வாழ்நாள் முழுக்கச் சங்கத்தின் எண்ணெய்க் கொட்டிலில் நின்று, கடலுக்குப் போகிறவர்களின் வெறும் கேன்களுக்கு மண்ணெண்ணெய் வார்த்தவன்தானே நான். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். பத்தாம் வகுப்பில் கணக்குப் பாடம் என்னைக் கைவிட்டது, தமிழ் ஏதோ இரக்கப்பட்டுக் கூட வந்தது.

முதலில் உன் கம்பெனியில் செய்து நீ அனுப்பிய சேர்ட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். பெட்டியை உடைத்ததும் உன் அம்மா அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இஞ்சாருங்கோ, பிள்ளை போட்டுக் கழட்டின சேர்ட்டையெல்லோ அனுப்பியிருக்கிறான்" என்றாள். நிறம் மங்கிக் கிடந்தது, முதுகில் உப்புப் பூத்த மாதிரி வெள்ளைக் கோடுகள். அவள் அதைச் சவர்க்காரத்தில் ஊறப்போட்டாள். போகவில்லை. தேசிக்காயைப் பிழிந்து புளி விட்டுத் தேய்த்தாள். அதற்கும் போகவில்லை. பக்கத்து வீட்டுப் பெட்டை வந்து, "மாமி, அது அச்சடிச்ச உப்பு, அதுக்குத்தான் விலையே" என்று சொன்ன பிறகுதான் கையை எடுத்தாள். அன்று முழுக்க அவள் என்னோடு கதைக்கவில்லை, நான்தான் கம்பெனி நடத்துகிறவன் என்பது மாதிரி. எத்தனையோ வருடம் மற்றவர்களின் உப்புச் சேர்ட்டுகளைக் கிணற்றடியில் அடித்துத் துவைத்தவளுக்கு உப்பு விலை போகிறது என்பது பெரிய அதிர்ச்சிதான்.

சேர்ட்டின் நெஞ்சில் பெரிதாகத் 'தீவான்' என்று எழுதியிருந்தது.  யாழ்ப்பாண ரவுணில் பட்டணத்து ஆட்கள் எங்கள் தீவுப் பகுதி ஆட்களை இளக்காரமாகச் சொல்கிற சொல் அது. உயர்தரம் படிக்க நீ ரவுணுக்குப் போன முதல் கிழமை, பின் வாங்கில் இருந்தவர்கள் உன்னை அப்படிக் கூப்பிட்டார்கள் என்று வந்து குசினிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதாய். "தீவில இருக்கிறவனைத் தீவான் எண்டாமல் வேற என்னெண்டடா கூப்பிடுறது?" என்று நான் கேட்டேன். பெரிய ஆறுதல் சொல்லிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். நீ அன்று சாப்பிடாமல் படுத்தாய். அந்தச் சொல்லையே பிடித்துச் சேர்ட்டில் போட்டு, அதைச் சொன்னவர்களின் பிள்ளைகளுக்கே விற்கிறாய் என்று கேள்விப்பட்டபோது எனக்கு ஒரு கள்ளச் சந்தோஷம் வந்தது உண்மை. அந்தச் சந்தோஷம் இப்போதும் இருக்கிறது. இனிமேல் நான் எழுதுவதை வாசிக்கும்போது அதை மறந்துவிடாதே.

புதுக் கடைக்குள் கடல் வாசம் வருவதற்கு ஏதோ தெளிக்கப் போகிறீர்கள் என்றும் சொன்னாய். எங்கள் கரையில் அடிக்கிற வாசம் என்னவென்று நீ அறிவாய். கருவாடும் மண்ணெண்ணெயும் பாசியும். உன் பரிசளிப்பு விழாவுக்கு வெளிக்கிட்டபோது நான் தேசிக்காய் போட்டுக் கை கழுவிக் கழுவி, கடைசியில் விழா மண்டபத்தில் என்னைச் சுற்றி ஒரு வட்டம் காலியாக இருந்தது. மண்ணெண்ணெய்க்கு மேலே தேசிக்காய் அடித்தால் இன்னும் மோசம் என்று பிறகு உன் அம்மா சொன்னாள். இதைக் குத்திக்காட்ட எழுதவில்லை. உன் கம்பெனியில் அந்த வாசத்தைக் காய்ச்சுகிறவர்களுக்கு ஆலோசனை தேவைப்பட்டால் நான் இருக்கிறேன் என்றுதான் சொல்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வருடம் உன் சேர்ட்டு விளம்பரத்துக்காக நீ கொழும்பிலிருந்து அனுப்பிய படப்பிடிப்புக் குழு எங்கள் கரைக்கு வந்த நாளைப் பற்றி நான் உனக்கு முழுக்கச் சொல்லவில்லை. நீ கேட்டபோதெல்லாம் "நல்லா நடந்தது" என்று மட்டும் சொல்லிவைத்தேன். அவர்களும் நடந்ததை உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்களுக்கும் அரைவாசிதான் விளங்கியிருக்கும்.

நீ அவர்களை யோசப்பிடம் போகச் சொல்லி அனுப்பியிருந்தாய். அது சரியான ஆள்தான். எங்கள் பக்கத்து வீட்டு யோசப் மாதிரித் தொழில் தெரிந்தவன் இப்போது இந்தக் கரையில் குறைவு. ஆனால் அவன் அன்றைக்குக் கனடாவில் இருக்கும் மருமகன் அனுப்பிய, ஏதோ வெளிநாட்டுப் பந்துக் கழகத்தின் சிவப்புச் சேர்ட்டும் அரைக்காற்சட்டையும் போட்டு, மீசையை வழித்து, பளபளவென்று வந்து நின்றான். படம் எடுக்க வந்த தம்பி தலையைச் சரித்துச் சரித்துப் பார்த்துவிட்டு, "இவரைப் பார்த்தா மீனவர் மாதிரித் தெரியலையே" என்றார்.

"அப்ப நான் இவ்வளவு காலமும் பிடிச்சது என்ன, கோழியோ?" என்று யோசப் கேட்டான்.

கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் பல்லைக் கண்டதும் அந்தத் தம்பி என் பக்கம் திரும்பினார். வெள்ளைத் தாடி, கறுத்த முகம், காய்ந்த கன்னம். "அங்கிள், நீங்கதான் சரி" என்றார்.

"தம்பி, நான் கடலில ஏறினால் தலை சுத்தி, திண்டதெல்லாம் சத்தி எடுக்கிறனான்" என்றேன்.

"அதை நாங்க எடுக்க மாட்டோம், அங்கிள்."

உனக்குத் தெரியும், அது பகிடி இல்லை. பொடியனாக இருந்தபோது என் அப்பா என்னைத் தொழிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கரை மறைவதற்கு முன்னமே நான் சுருண்டு விழுந்தேன். அன்று பிடிபட்ட ஒரே சாமான் நான்தான் என்று சொல்லி என்னைக் கரையில் இறக்கிவிட்டார்கள். அதன் பிறகு எண்ணெய்க் கொட்டில். அப்பேர்ப்பட்ட என்னைத்தான் கடலோடு மல்லுக்கட்டும் மனிதர் என்று தீர்மானித்தார்கள். எங்கள் பிளாஸ்டிக் படகுகளும் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. பூவரசின் கீழ் கவிழ்ந்து கிடந்த பழைய மர வள்ளத்தை இழுத்து இறக்கினார்கள். அதற்கு எஞ்சின் இல்லை. யோசப் தன் படகில் கயிறு கட்டி அதைக் கடலுக்குள் இழுத்துப் போகவேண்டும், ஆனால் அவனும் அவன் சிவப்புச் சேர்ட்டும் படத்தில் விழக்கூடாது. கைத்தொலைபேசி எதுவும் தெரியக்கூடாது, மணியும் அடிக்கக்கூடாது என்று எல்லோருடையதையும் வாங்கி ஒரு பெட்டியில் போட்டு மூடினார்கள். பழைய காலம் மாதிரி இருக்கவேண்டுமாம். யோசப் தன்னுடையதைக் கொடுக்கும்போது கொஞ்சம் தயங்கினான். அவன் தம்பி செபஸ்தி யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தான். "கொஞ்ச நேரம்தானே" என்று நான்தான் சொன்னேன்.

செபஸ்தியை உனக்கு நினைவிருக்கும். சிறுநீரகம் பழுதாகி அவன் நொந்துபோன பிறகு நீ அவனைக் காணவில்லை. அதற்கு முந்திய செபஸ்தியைத்தான் உனக்குத் தெரியும். பெருநாள் சுற்றுப்பிரகார ஊர்வலத்தில் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு, நீ அவன் தலைமயிரைப் பிடித்து இழுக்க இழுக்க, "வலப்பக்கம் இழு, வலப்பக்கம் திரும்புறன்" என்று குதிரை மாதிரி நடந்தவன்.

வள்ளம் கரையிலிருந்து கொஞ்சத் தூரம்தான் போயிருக்கும். அடியால் தண்ணீர் ஊறி என் கணுக்காலுக்கு வந்துவிட்டது. ஒரு கையில் வலையும் மறு கையில் தண்ணீர் அள்ளுகிற தகரமும். "தகரத்தைக் கீழே வைங்க, அங்கிள், தூரத்தைப் பாருங்க" என்று கமராவோடு இறங்குதுறை நுனியில் நின்றவர்கள் கத்தினார்கள். நான் தூரத்தைப் பார்த்தால் சத்தி வரும் என்று கயிற்றைப் பார்த்தேன், கயிற்றின் மறுநுனியில் யோசப்பைப் பார்த்தேன்.

அப்போதுதான் கோவில் மணி அடித்தது. ஒன்று அடித்து, இழுத்து, பிறகு ஒன்று. சாவு மணி.

எங்கள் வழக்கம் உனக்குச் சொல்லித் தரத் தேவையில்லை, ஆனால் மலரை வெளியூர் ஆட்களும் வாசிப்பார்கள். கரையில் ஒரு சாவு விழுந்தால், அடக்கம் முடியும்வரை ஒரு எஞ்சினும் இயங்காது. கடலில் நிற்கிறவர்கள் கரைக்குத் திரும்பிவிடுவார்கள். தூரத்தில் நின்ற படகுகள் ஒவ்வொன்றாகத் தலை திருப்பின. வந்து எட்டியதும் ஒவ்வொரு எஞ்சினாக நின்றது. எங்கள் ஊர் ஆட்களில் அப்போது கடும் வருத்தமாகி ஆஸ்பத்திரியில் கிடந்தது ஒரே ஒரு ஆள்தான். கைத்தொலைபேசியில் வந்திருக்கவேண்டிய செய்தி பெட்டிக்குள் கிடந்து அடித்துக்கொண்டிருந்திருக்கும். யோசப்புக்கு அதை மணிதான் சொன்னது. அவன் எஞ்சினை நிறுத்திவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தான். ஏதாவது சொல்லமாட்டேனா, வேறு யாராவது என்று ஒரு பெயர் சொல்லமாட்டேனா என்பது மாதிரிப் பார்த்தான். என்னிடம் ஒரு பெயரும் இருக்கவில்லை.

மகனே, நீ தெரிந்தெடுத்த படம் அதுதான். எத்தனையோ நூறு படங்களில் நீ அதைத்தான் எடுத்தாய், அதற்காக உன்னில் குறை சொல்லமாட்டேன். அதுதான் நல்ல படம். அதற்குக் கீழே "கடல் தந்த பார்வை" என்று நீ எழுதியது நல்ல வசனம்தான். ஆனால் அந்தப் பார்வையைக் கடல் தரவில்லை. நான் பார்த்துக்கொண்டிருப்பது யோசப்பை. பின்னால் மங்கலாகப் படகுகள் கரையேறி நிற்கின்றனவே, அதை "தொழில் நலிந்த கரை" என்று கொழும்பில் யாரோ எழுதியிருந்ததாகச் சொன்னாய். தொழில் நலிந்துதான் கிடக்கிறது. அக்கரை இந்திய இழுவைப் படகுகள் வந்து வலையை அறுத்துக்கொண்டு போகின்றன, மண்ணெண்ணெய் இல்லாமல் என் கொட்டிலில் பூட்டுத் தொங்கிய காலமும் இருந்தது, பொடியன்கள் படகை விற்றுவிட்டு விமானம் ஏறுகிறார்கள். எங்கள் கஷ்டத்துக்கு வெளியில் நல்ல கிராக்கி, மீனுக்குத்தான் இல்லை. ஆனால் அந்தப் படகுகள் அன்று அதற்காக நிற்கவில்லை. செபஸ்திக்காக நின்றன.

அதற்குப் பிறகு நடந்ததையும் கேள். படம் எடுத்த தம்பி வெயில் நல்லாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் எடுப்போம் என்றார். "எஞ்சின் போட ஏலாது, தம்பி. சாவு" என்று கரையில் நின்றவர்கள் சொன்னார்கள். "இது தொழில் இல்லையே, ஐயா, சும்மா நடிப்புத்தானே" என்றார் அவர். அவரும் பாவம், பிழைக்க வந்தவர்தான். எங்கள் ஆட்கள் அந்தக் கேள்வியையும் மினக்கெட்டு யோசித்தார்கள்.

"அவர் சொல்றதிலயும் ஒரு நியாயம் இருக்கு. மீன் பிடிக்காட்டித் தொழில் இல்லைத்தானே?" என்றார் ஒருவர்.

"அப்பிடிப் பாத்தால் போன மாசம் முழுக்க நீர் தொழிலுக்குப் போகவே இல்லை, காணும்" என்றார் மற்றவர்.

"எஞ்சின் எஞ்சின்தான் அண்ணை. படத்துக்கு ஓடினால் என்ன, பாரை மீனுக்கு ஓடினால் என்ன, சத்தம் ஒண்டுதானே. செத்தவீட்டுக்குக் கேக்கும்" என்று மூன்றாமவர் முடித்தார்.

அவ்வளவுதான். தண்ணீருக்குள் இறங்கி, இடுப்பளவில் நின்று, யோசப்பின் படகையும் என் ஓட்டை வள்ளத்தையும் சேர்த்துக் கையால் இழுத்தார்கள்.  அந்தத் தம்பி அதையும் எடுக்கப் போனார், கூட வந்த பிள்ளை ஒன்று கமராவின் மூடியைப் போட்டுவிட்டு யோசப்பின் கைத்தொலைபேசியைப் பெட்டியிலிருந்து எடுத்து ஓடிவந்து கொடுத்தது. "மன்னிச்சுக்கொள்ளுங்க அண்ணா" என்று அழுதது. யோசப் அந்தப் பிள்ளையின் தலையில் கை வைத்து, "பறவாயில்லை, பிள்ளை" என்றான். தம்பி செத்த ஆள் ஆறுதல் சொல்லிக்கொண்டு நின்றான். நான் கரையில் குந்தியிருந்து சத்தி எடுத்தேன்.

அடக்கத்துக்கு உன்னால் வர முடியவில்லை. உன் பெயரில் மலர்வளையம் வந்தது. அதன் ரிப்பனிலும் தீவான் என்றுதான் அச்சடித்திருந்தது. கம்பெனியில் யாரோ அவசரத்தில் செய்த வேலையாக இருக்கும். உன் அம்மா அதைக் கண்டதும் ரிப்பனை உள்பக்கமாக மடித்து ஊசி குத்திவிட்டாள்.

இத்தனை மாதமும் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சொன்னால் உன் வேலைக்குச் சங்கடம் வரும் என்று நினைத்தேன். அதைவிட, நீ அனுப்பிய படத்தைப் பார்த்து நானே முதலில் பெருமைப்பட்டேன். "பார், உன்ர புருசன் எப்பிடி இருக்கிறான்" என்று அம்மாவிடம் காட்டினேன். "உங்களுக்குச் சத்தி வாற நேரத்தில எடுத்திருக்கினம்" என்றாள். பிறகு அதை ஊர்காவற்றுறை பஸ்ஸின் பின்பக்கம் ஒட்டினார்கள். புளியங்கூடல் தாண்டி வளைவுகளில் நான் ஆடி ஆடிப் போகிறேன். சேறு அடிக்கிறது, பின்னால் வருகிற மோட்டார் சைக்கிள்காரர்கள் எல்லோரும் என்னை முறைக்கிறார்கள். கடலில் ஒரு நாள் தாங்காதவன் இப்போது றோட்டில் தினமும் போய் வருகிறேன்.

போன மாதம் ஒரு நாள் யோசப் யாழ்ப்பாணச் சந்தைக்குப் போக பஸ்ஸுக்கு நின்றான். நானும் மருந்தெடுக்கப் போக நின்றேன். என் முகம் ஒட்டிய பஸ் வந்தது. நல்ல இடமும் இருந்தது. அவன் ஏறவில்லை. "நீங்கள் போங்கோ அண்ணை, நான் அடுத்ததில வாறன்" என்றான். நானும் ஏறவில்லை. இரண்டு பேரும் வெயிலில் நின்றோம். பஸ் வளைவில் மறைந்த பிறகு அவன், "அதில என்னைத்தானே பாக்கிறியள்?" என்று கேட்டான்.

"ஓம்" என்றேன்.

"நினைச்சனான்" என்றான்.  படத்தைக் கழற்றச் சொல்லவில்லை. அவன் ஏதாவது கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அன்று தொடக்கம் கவனித்தேன். அந்த பஸ் வந்தால் அவன் நின்றுவிடுகிறான், அடுத்ததில்தான் போகிறான்.

இப்போது அதே படத்தை யாழ்ப்பாணக் கடையின் முகப்பில் மாடி உயரத்துக்கு வைக்கப்போகிறீர்கள். சந்தைக்குப் போகிறவன் அந்த வழியால்தான் போகவேண்டும். பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறலாம். கட்டிடத்தை அவன் என்ன செய்வான்?

நான் உனக்குப் புத்தி சொல்லி உருப்பட்டது எதுவும் இல்லை. எனக்குக் களைப்பாகவும் இருக்கிறது. ஊரை விற்காதே என்று சொல்ல நான் யார்? ஊர் விற்று, வள்ளம் விற்று, காணி விற்றுத்தான் எல்லோரும் பிள்ளைகளை அனுப்பினோம். நீ சேர்ட்டை விற்கிறாய். விற்றுக்கொள். நான் கடைத் திறப்புக்கு வருகிறேன், இப்போது நிச்சயமாகச் சொல்கிறேன். ஆனால் சாரத்தோடும் வலையோடும் வரமாட்டேன். சங்கத்தில் ஓய்வுபெற்ற அன்று போட்ட வெள்ளைச் சேர்ட்டும் காற்சட்டையும் அலுமாரியில் இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு வருவேன். யாராவது நீங்கள் எத்தனை தலைமுறையாக மீன் பிடிக்கிறீர்கள் என்று கேட்டால், நான் மண்ணெண்ணெய் வார்த்தவன், இந்தப் பொடியனின் அப்பா என்று சொல்லுவேன். அதற்குச் சம்மதம் என்றால் கத்தரிக்கோலைத் தா.

படத்தைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்லவில்லை. கடை திறக்கிற அதே கிழமையில்தான் செபஸ்தியின் ஆண்டுப் பூசை வருகிறது. நீ முதலே வா. பூசைக்கு நில். பிறகு கரைக்குப் போய் யோசப்பிடம் நீயே கேள், அந்தப் படத்தை வைக்கலாமோ என்று. தொலைபேசியில் கேட்காதே, என்னைக் கேட்கச் சொல்லாதே. அவன் மறுக்கமாட்டான் என்று எனக்குத் தெரியும், அதுதான் என் பயம். உன் முகத்தைப் பார்த்து, "பறவாயில்லை, தம்பி, வையும்" என்றுதான் சொல்லுவான். அவன் அதைச் சொல்லும்போது நீ அவன் முன்னால் நிற்கவேண்டும். அவ்வளவுதான் நான் கேட்பது. அதற்குப் பிறகு நீ என்ன செய்தாலும் நான் ஒன்றும் கேட்கமாட்டேன்.

அம்மா உனக்குப் பனை ஒடியல் மாவும் கருவாடும் கட்டி வைத்திருக்கிறாள், வெறும் பையோடு வா. யாழ்ப்பாணத்தில் இறங்கி ஓட்டோ பிடித்துக் காசைக் கரைக்காதே, ஊர்காவற்றுறை பஸ்ஸிலேயே வா. ஆனால் நிலையத்தில் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு ஏறு. நான் ஒட்டியிருக்கிற பஸ் நின்றால், அதை விட்டுவிடு. அடுத்ததில் வா.

அப்பா